"மிதிச்சு ஓடுங்க, கரி போயிரும்" என்று சொன்னால் நம்பாதீங்க: மட்டக்களப்புக் கார்க்காரர்களுக்கு

கல்லடியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய 800 சிசி கார். காலையில் மகளை இறக்கப் பாலம் தாண்டி டவுனுக்கு, பின்னேரம் சந்தைக்கு, அவ்வளவுதான் ஓட்டம். கொஞ்ச நாளாக ஸ்டார்ட் பண்ணினதும் நடுங்கியது, பெற்றோலும் கூடக் குடித்தது.

மெயின் றோட்டில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் பொனட்டைத் திறந்து, காற்று போற குழாயைக் கழற்றி ஏதோ ஸ்பிரே அடித்தார். கால் மணித்தியால வேலை. துண்டில் "கார்பன் சேர்விஸ் 14,500" என்று எழுதித் தந்தார். "தம்பி, பொத்திப் பொத்தி ஓடினா எஞ்சின் செத்துரும். வாழைச்சேனைப் பக்கம் கொண்டுபோய் செக்கன்ட் கியர்லயே வச்சி மிதிங்க. கரியெல்லாம் சைலன்சரால பறந்திரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். கிரான் தாண்டியதும் அவர் சொன்னபடியே மிதித்தேன். கும்புறுமூலைக்குக் கிட்ட ஏசி சூடாக அடித்தது, பிறகு பொனட்டுக்குள்ளால் ஆவி. அந்த வெயிலில் அம்மாவை றோட்டோரத்தில் இருத்தி வைத்ததை நினைத்தால் இப்பவும் ஆத்திரம் வருகிறது.

ஏறாவூரில் இன்னொரு பாஸ் கழற்றிக் காட்டினார். ரேடியேட்டரின் கீழ் மூலையில் கூலன்ட் காய்ந்து பச்சைக் கறை. பல நாள் கசிவு. பொனட்டைத் திறந்தவர் குனிந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். தண்ணீர் குறைந்த எஞ்சினை முழு வேகத்தில் சுழற்றியதில் ஹெட் காஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய், அலுமினிய ஹெட்டும் வளைந்துவிட்டது. ஒயில் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. நடுக்கத்துக்குக் காரணம் கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கும் தூசி அடைத்த ஏர் ஃபில்டரும். லேத் வேலை, காஸ்கெட், இழுத்து வந்த கூலி எல்லாம் சேர்த்து 1,18,000 ரூபா.

ஓடினால் கரி போகும் என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் நானும் நம்பினேன். இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடினால் ஒயில் முழுதாகச் சூடாகாது, நீராவியும் எரியாத பெற்றோலும் அதில் தங்கும். பிளக் முனை ஏறக்குறைய 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தன் கரியைத் தானே எரிக்கும். இதற்கு எஞ்சின் சூடான பிறகு அரை மணித்தியாலம் ஒரே சீராக ஓடினால் போதும். களுவாஞ்சிக்குடி போய் வந்தாலே சரி. நகருக்கு வெளியே காருக்கு 70தான் சட்ட வேகம், அதற்குள்ளேயே இது நடக்கும். புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ள புதிய டீசல் வாகனங்களுக்கும் இப்படிச் சீரான நீண்ட ஓட்டம்தான் தேவை. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் அடிக்கும் எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வால்வின் பின்பக்கத்தைப் பெற்றோல் கழுவாது. எவ்வளவு மிதித்தாலும் அந்தக் கரி போகாது.

எந்த வாகனமானாலும் நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒயில் அளவையும், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்க. "கார்பன் சேர்விஸ்" என்று சொன்னால் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க. காட்டாவிட்டால் காசு கொடுக்காதீங்க.

நான் துண்டோடு முதல் கராஜுக்குத் திரும்பிப் போனபோது, "நீங்க மிதிச்ச முறை பிழை" என்றார் அந்தப் பாஸ்.

போன கிழமை என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கும் அதே கராஜில் அதே வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அவருடைய ரேடியேட்டர் மூடியை இருவருமாகத் திறந்து பார்த்தோம். விரல் விட்டும் தண்ணீர் தட்டுப்படவில்லை.