எண்ணெய்த் தளத்துக்கு எந்தப் பந்து? பவுலிங் மேலுறைகள் ஓர் ஒப்பீடு

பந்தை உருட்டிப் பத்து பின்களை (நிற்கும் கட்டைகளை) வீழ்த்தும் பவுலிங் தளத்தில், ஆட்டக்காரர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து தலைப்பின் எனப்படும் முதல் பின் வரை 60 அடி தூரம். அதன் முன்பகுதியில் இயந்திரம் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பூசுகிறது. வழக்கமான கூடங்களில் அது சுமார் 40 அடி வரை நீளும், தளத்தில் நீளவாக்கில் பதித்த பலகைகளில் நடுவில் உள்ளவற்றின் மீது அடர்த்தியாகவும் ஓரங்களில் லேசாகவும் இருக்கும். எண்ணெயின் மீது பந்து வழுக்கும். எண்ணெய் முடிந்த இடத்தில் தளத்தைப் பற்றித் திரும்பும். ஆகவே பந்து எவ்வளவு திரும்பும் என்பதைவிட, எந்த இடத்தில் திரும்பத் தொடங்கும் என்பதையே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டும். அதைத் தீர்மானிப்பதில் பந்தின் உள்ளிருக்கும் கருவைக் காட்டிலும் அதன் வெளி ஓடான மேலுறைக்கே பெரும்பங்கு உண்டு என்பதால், இங்கே மேலுறைகளையே ஒப்பிடுகிறேன்.

பாலியெஸ்டர் பந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பு தளத்தை அவ்வளவாகப் பற்றாது. எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய நேராகவே செல்லும். வலக்கை ஆட்டக்காரருக்கு மூலையில் நிற்கும் பத்தாம் பின்னை வீழ்த்த இதைவிட நம்பகமான பந்து இல்லை. மிகவும் காய்ந்துபோன தளத்தைத் தவிர, பத்து பின்களையும் குறிவைக்கும் முதல் வீச்சுக்கு இது போதாது.

1980களின் தொடக்கத்தில் வந்த யூரிதேன் பந்து சீக்கிரமே தளத்தைப் பற்றி, திடீர்த் திருப்பம் இல்லாமல் சீரான வளைவில் செல்லும். இதன் அருமை குறுகிய எண்ணெய் அமைப்பில்தான் தெரியும். எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து திரும்ப வேண்டிய பலகையின் எண் தோராயமாகக் கிடைக்கும் என்பது ஆட்டக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 35 அடி எண்ணெய் என்றால் ஓரத்திலிருந்து நான்காம் பலகை, அதாவது பள்ளத்தை ஒட்டிய பாதை. அதற்கப்பால் 25 அடி காய்ந்த தளம் இருப்பதால், வேகமாகத் திரும்பும் பந்து தலைப்பின்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். யூரிதேன் கட்டுக்குள் நிற்கும். ஆனால் அது எண்ணெயை உறிஞ்சுவது மிகக் குறைவு. வீச வீச எண்ணெயைக் காய்ந்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டே போகும். முதல் ஆட்டத்தில் சரியாக விழுந்த அதே வீச்சு மூன்றாம் ஆட்டத்தில் திரும்பாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். யூரிதேன் மேலுறையின் மென்மையும் ஒரு கேள்வியாக எழுந்தது: 2016, 2017ஆம் ஆண்டுகளில் தயாரான பர்ப்பிள் ஹேமர் என்னும் யூரிதேன் பந்தை, அதன் மேலுறை அளவுக்கு மீறி மென்மையாக இருக்கலாம் என்ற கவலையால், அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2022இல் தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது.

1990களின் தொடக்கத்தில் பரவிய ரியாக்டிவ் ரெசின் இதற்கு நேர்மாறானது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சுவதால் பந்து செல்லும் பாதையே மெல்லக் காய்ந்துவிடும். ஆட்டம் போகப் போக வலக்கை ஆட்டக்காரர் இடப்பக்கம் நகர்ந்து நின்று வீச நேரும். இதிலும் மங்கலான சாலிட் வகை சீக்கிரம் பற்றும். 45 அடி போன்ற நீண்ட, கனத்த எண்ணெயில் மிஞ்சும் 15 அடிக்குள் திரும்பியாக வேண்டிய நிலையில் அதுவே தேவை. பேர்ல் வகை முன்பகுதியில் வழுக்கி, கடைசியில் கூர்மையாகத் திரும்பும். எண்ணெய் குறைந்துவிட்ட பிந்தைய ஆட்டங்களுக்கு ஏற்றது. இரண்டையும் கலந்த ஹைப்ரிட் இடைப்பட்டது.

வழக்கமான 40 அடி எண்ணெயில் வாரம் ஒருமுறை லீக் ஆடுபவருக்குக் கடைகள் அடிக்கடி பரிந்துரைப்பது, அந்தப் பருவத்தின் மிக வலுவான சாலிட் பந்தை. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். அவ்வளவு வலுவான மேலுறை ஓரத்தின் லேசான எண்ணெயிலேயே பற்றிக்கொண்டு, நடுவழியில் ஆற்றலை இழந்து, பின்களை எட்டும்போது தளர்ந்துவிடும். ஒரே வீச்சில் எல்லாப் பின்களும் விழும் ஸ்ட்ரைக்குக்கு, தலைப்பின்னுக்கும் அதற்கடுத்த பின்னுக்கும் இடையிலான பாக்கெட்டுக்குள் பந்து சுமார் ஆறு டிகிரிக் கோணத்தில் நுழைவது சிறந்தது. சக்தி தீர்ந்த பந்து அந்தக் கோணத்தைத் தராது. சமச்சீர்க் கரு கொண்ட ஒரு ஹைப்ரிட் அல்லது மிதமான சாலிட் பந்தை, 2000 அல்லது 3000 எண் தேய்ப்பு அட்டையால் (எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும்) தேய்த்து வைத்திருப்பவர் அதே தளத்தில் நிலையாக ஆடுவார்.

தேய்ப்பு அட்டையின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. ஒரே பந்தை 1000 எண் அட்டையால் தேய்த்தால் சீக்கிரம் திரும்பும், 4000 எண்ணில் தேய்த்து மெருகேற்றினால் வெகுதூரம் வழுக்கும். புதுப் பந்தின் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு அற்பம். அதிகாரபூர்வப் போட்டி நடக்கும்போது இதைச் செய்ய விதிகள் அனுமதிப்பதில்லை என்பதால், எண்ணெய் அமைப்பை முன்கூட்டியே கேட்டறிந்து தேய்த்துக்கொண்டு போக வேண்டும். ரியாக்டிவ் பந்தாயின் ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் உலர்ந்த நுண்ணிழைத் துணியால் துடைப்பது அவசியம். உறிஞ்சிய எண்ணெய் தங்கிவிட்டால் மேலுறை விரைவில் மந்தமாகிவிடும்.

வாங்கும் வரிசையைக் கேட்டால், முதலில் மேற்சொன்ன மிதமான ரியாக்டிவ், அடுத்து ஸ்பேருக்கான, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை வீழ்த்துவதற்கான பாலியெஸ்டர் என்பேன். குறுகிய அமைப்புகளில் போட்டியிடுபவர் மூன்றாவதாக யூரிதேனையும், நீண்ட எண்ணெயை எதிர்கொள்பவர் வலுவான சாலிடையும் தேடலாம். எண்ணெய் மாறாத ஒரே கூடத்தில் ஆடுபவருக்கு முதல் இரண்டு பந்துகளே பல ஆண்டுகளுக்குப் போதும்.