‘போர்டு போயிடுச்சு’ என்றால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறை முழுக்கக் காப்பரிசியும் காதோலை கருகமணியுமாகக் கூட்டம். என் டிபன் வண்டி மட்டும் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அரைத்து வைத்த மாவு பாதி புளித்தே போயிற்று. வருடத்தில் நான் நம்பியிருக்கும் நாலைந்து நாட்களில் அது ஒன்று. இன்று காலை, வண்டி இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. செலவு நாற்பது ரூபாய். அதற்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு கடையில் நான் கொடுத்தது 23,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகிறது’ என்று விட்டுவிடுகிற ஆள் நான்.

என்னுடையது இன்ஜின் இல்லாத ட்ரெய்லர். குட்டியானையில் மாட்டி இழுத்து வருவேன். படித்துறைச் சந்துக்குள் குட்டியானை திரும்பாது. விசேஷ நாளில் போலீஸும் விடாது. கையால் தள்ள ஆறு பேர் வேண்டும். லண்டனில் இருக்கும் அத்தை மகன்தான் இதற்கு வழி சொன்னான். அங்கே கேரவன் வைத்திருப்பவர்கள் காரைக் கழற்றிவிட்டு, நெருக்கடியான இடத்தில் கேரவனை மட்டும் ரிமோட்டால் நகர்த்துவதற்கு மோட்டார் மூவர் என்று ஒன்று மாட்டுகிறார்களாம். அவன் தன் பழைய மூவரைக் கழற்றி, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பிவிட்டான். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு 12 வோல்ட் மோட்டார்கள், டயரை அழுத்திப் பிடித்து உருட்டும் இரண்டு ரோலர்கள், ஒரு கன்ட்ரோல் பெட்டி (அதற்குள் எல்லாவற்றையும் இயக்கும் சர்க்யூட் போர்டு), ஒரு பேட்டரி, கையில் ரிமோட். அவ்வளவுதான். இரண்டு வருடம் யானைக்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவே வருவார்கள், அதிலும் நாலு இட்லி விற்கும்.

ஆனி கடைசியில் கோளாறு ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் ரிமோட்டில் விளக்கு எரியும், பெட்டிக்குள் ‘டிக்’ என்று சத்தம் வரும், வண்டி ஒரு சாண் நகரும், நின்றுவிடும். சிமெண்ட் தரையில் கொஞ்சம் ஓடும். மண்ணிலோ ஏற்றத்திலோ அசையவே அசையாது. (இந்த ஒரு வரியிலேயே விடை இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்கவே முடியாது.)

பேட்டரி, இன்வெர்ட்டர் விற்று, ஆட்டோ எலக்ட்ரிக் வேலையும் செய்யும் கடை அது. பெயர் எழுதப் போவதில்லை. காவிரியில் தொடங்கி வடவாறு வரை ஐந்து ஆற்றுப் பாலமும் தாண்டி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போனேன். உட்கார வைத்து டீ சொன்னார். பெட்டியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் அரை நிமிடம் பார்த்தார். வோல்ட் பார்க்கும் மீட்டரைத் தொடக்கூட இல்லை. “போர்டு போயிடுச்சுண்ணே. இம்போர்ட்டட் ஐட்டம், டெல்லியிலதான் கிடைக்கும். இருபதாயிரம் ஆகும். லேபர் மூவாயிரத்து ஐந்நூறு. நம்ம ஊர் வண்டி, நானே நின்னு பார்த்துத் தர்றேன்” என்றார்.

அந்த ‘நம்ம ஊர் வண்டி’யில்தான் விழுந்தேன். அவருடைய அம்மாவுக்கும் திருவையாறுதானாம். அங்கேயே போனில் 23,500 ரூபாயை அனுப்பினேன். பில் கேட்கவில்லை. டைரித் தாளில் தொகையை எழுதி, கீழே ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார். கையெழுத்துகூட இல்லை அது, கோடு.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ட்ரெய்லர் ஜாக்கியில் தூக்கியபடி நிற்கிறது, தரையில் அவர் கடைப் பேட்டரி, அதிலிருந்து ஜம்பர் ஒயர் நேராகப் பெட்டிக்கு. பட்டனை அழுத்தினார். இரண்டு சக்கரமும் ஜோராகச் சுற்றின. “பார்த்துக்கங்க, புது போர்டு” என்றார். எனக்குக் கண் கலங்காத குறைதான். என் பேட்டரியில், தரையில் இறக்கி ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பையனுக்கு நூறு ரூபாய் டீக்காசு வேறு கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வாசல் ஏற்றத்தில் ஏற்றினேன். டிக். ஒரு சாண். நின்றது.

போன் செய்தேன். “வெயில்ல சூடாகியிருக்கும், சாயந்திரம் பாருங்க.” சாயந்திரமும் டிக். “டயர்ல காத்து செக் பண்ணுங்க.” செய்தேன். “நாளைக்குப் பையனை அனுப்புறேன்.” பையன் வரவில்லை. மூன்றாவது நாள் யாரோ எடுத்து, ஓனர் திருநள்ளாறு போயிருக்கிறார் என்றார்கள். நானே நேரில் போனேன். டீ வரவில்லை. “இம்போர்ட்டட் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாதுண்ணே. இங்க ஓடுச்சு, நீங்களே பார்த்தீங்க. எடுத்துட்டுப் போன பிறகு நீங்க என்ன பண்ணீங்களோ.” அப்புறம் என் நம்பரை எடுப்பதே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். முதல் கேள்வி, “பில் இருக்கா சார்?”

இன்று காலை எங்கள் தெருவில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவரைக் கூட்டிவந்தேன். குறுவை நேரம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை, ஆனாலும் வந்தார். மூவர் என்று ஒன்றை அவர் பார்த்ததே கிடையாது. மீட்டரைப் பேட்டரி முனையில் வைத்தார், 12.6 வோல்ட். “இப்ப அழுத்து தம்பி” என்றார். அழுத்தினேன். பேட்டரி முனையில் 12.1. மறுபடி அழுத்தச் சொல்லிவிட்டு மீட்டரைப் பெட்டிக்குள் ஒயர் ஏறும் இடத்தில் வைத்தார். 9-க்கும் கீழே. “நடுவுல எவனோ திங்கிறான்” என்றார். மைனஸ் கேபிளைத் தடவிக்கொண்டே போய், சேஸிஸுக்கு அடியில் அதன் லக்கை, அதாவது கேபிள் நுனியில் போல்ட்டால் முடுக்கும் உலோகக் காதை, பிடித்து இழுத்தார். பச்சையாகப் பூத்து, பாதிக் கம்பி பொடியாகக் கையோடு வந்தது. போன ஐப்பசி மழையில் பத்து நாள் ட்ரெய்லர் தண்ணீரில் நின்றது, அதன் வேலை.

விஷயம் இதுதான். ஏற்றத்தில் இந்த மோட்டார்கள் நூறு ஆம்பியர் வரைகூட இழுக்கும். அரித்துப்போன லக் வழியாக அவ்வளவு கரண்ட் போகாது, வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். பெட்டியோ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஜாக்கியில் சுமையில்லாமல், வேறு ஒயரில் கொடுத்தால் ஓடத்தான் செய்யும். புது லக் போட்டு, சேஸிஸில் எமரித்தாள் தேய்த்து முடுக்கினார். வண்டி ஏற்றத்தில் ஏறியது. நாற்பது ரூபாய் லக்குக்கு மட்டும், கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த இருபதாயிரம் ரூபாய் புது போர்டைப் பார்க்கலாமே என்று பெட்டியைத் திறந்தோம். போர்டின் மூலையில் கரப்பான் முட்டை ஒட்டிக் காய்ந்திருக்கிறது. போன தை மாதம் ஃபியூஸ் மாற்றும்போது நான் பார்த்த அதே முட்டை. பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்: மீட்டர் வைக்காமல் போர்டு போச்சு என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வோல்ட்டைப் பட்டன் அழுத்தும்போது பாருங்கள், பேட்டரியிலும் பெட்டியிலும். மழை கழிந்ததும் சேஸிஸில் முடுக்கியிருக்கும் மைனஸ் கேபிள் லக்கைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் பேட்டரியில், தரையில், ஏற்றத்தில் ஓட்டிக் காட்டிய பிறகு காசு கொடுங்கள். பில் வாங்குங்கள். கழற்றிய பழைய போர்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதை எடுத்துக் கொடுத்திருப்பார்?