'எலும்பு தாராளமாக இருக்கிறது' என்றார்கள்: பல் இம்ப்ளான்ட் வைக்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பல் இம்ப்ளான்ட் (இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் வைக்கும் டைட்டானியத் திருகு) வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், அதிலும் பல்லைப் பிடுங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வைக்கப்பட்ட இம்ப்ளான்ட் பதினோராவது மாதத்தில் கழற்றப்பட்டது. கழற்றியவர் வேறொரு மருத்துவர். வைத்தவரின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் எழுதப்போவதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன தவறியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில், ஏற்கெனவே வேர்ச்சிகிச்சை செய்திருந்த கடைவாய்ப் பல் ஒன்று நீளவாக்கில் பிளந்துபோனதால் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. காயம் ஆறியதும் அதோடு விட்டுவிட்டேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த இடம் காலியாகவே கிடந்தது. பல் இருக்கும்வரைதான் அதைச் சுற்றியுள்ள எலும்புக்கு வேலை என்பதும், பல் போனதும் அந்த எலும்பு கரையத் தொடங்கும் என்பதும், கரைதலில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே நடந்து, ஓராண்டுக்குள் பல் நின்ற எலும்பு முகட்டின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடலாம் என்பதும் நான் காலம் கடந்து தெரிந்துகொண்டவை. பிடுங்கிய அன்றே குழியை எலும்புத் துகளால் நிரப்பி மூடியிருந்தால் இந்தச் சுருக்கத்தை ஓரளவு குறைத்திருக்கலாம். பிடுங்கியவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் இம்ப்ளான்ட் என்ற பேச்சையே நான் அவரிடம் எடுக்காதபோது அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை சொல்ல வேண்டியது அடுத்துச் சென்ற இடத்தைத்தான். அங்கே தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்றை மட்டும் எடுத்தார்கள். படத்தைத் திரையில் காட்டிய மருத்துவர், உயரம் நன்றாக இருக்கிறது, நரம்பும் தள்ளியே இருக்கிறது, எலும்பு தாராளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, 'சில இடங்களில் தேவையே இல்லாமல் போன் கிராஃப்ட் (எலும்புத் துகள் வைத்து எலும்பைக் கூட்டும் வேலை) என்று சொல்லிப் பணம் பிடுங்குவார்கள், உங்களுக்கு அது வேண்டியதில்லை' என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. செலவைக் குறைக்கிறவர் நேர்மையானவராகத்தான் இருப்பார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு மதிலுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் அதன் நீளமும் உயரமும் தெரியும். அது ஒற்றைக்கல் சுவரா, இரட்டைக்கல் சுவரா என்பது தெரியாது. ஓபிஜி படமும் அப்படித்தான். எலும்பு எவ்வளவு உயரம் என்பதை ஏறத்தாழச் சொல்லும். கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை அதன் கனம் எவ்வளவு என்பதை அதில் காணவே முடியாது. அதற்குச் சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். பல்லிழந்து இரண்டு ஆண்டுகளான ஒருவருக்கு அந்த ஸ்கேன் இல்லாமல் 'தாராளம்' என்று எந்த அளவை வைத்துச் சொன்னார் என்பதை நான் அன்று கேட்டிருக்க வேண்டும்.

அறுவை நடந்த அன்று, முகத்தின்மேல் துணி போர்த்தி, வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். துளையிட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. மருத்துவரும் உதவியாளரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். பிறகு, 'கன்னப் பக்கம் கொஞ்சம் மெலிசாக இருக்கிறது, சிறிது பவுடர் வைத்துவிடுகிறேன், சரிதானே?' என்று மருத்துவர் கேட்டார். வாய்க்குள் இரண்டு கருவிகள் இருக்கும்போது எவரால் 'எந்தப் பவுடர்?' என்று கேட்க முடியும்? நான் எழுப்பிய ஏதோ ஓர் ஒலி சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வெளியே வந்தபோது கட்டண ரசீதில் 'போன் கிராஃப்ட்' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. தேவையே இல்லை என்று சொல்லப்பட்ட அதே போன் கிராஃப்ட்!

மூன்று மாதத்தில் மேலே பல் பொருத்தினார்கள். ஏழாவது மாதம் அந்தப் பல்லின் கீழே, ஈறு வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரிய ஆரம்பித்தது. அழுத்தினால் வலி இல்லை. காலையில் எழும்போது வாயின் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு கெட்ட சுவை. மூன்று முறை போய்க் காட்டினேன். நன்றாகத் துலக்கச் சொன்னார்கள், வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார்கள், ஒருமுறை ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். ஒருமுறைகூடப் படம் எடுக்கவில்லை.

பத்தாவது மாதம் சென்ற இரண்டாவது மருத்துவர் முதலில் கேட்டதே ஸ்கேனைத்தான். இல்லை என்றதும் எடுக்கவைத்தார். தாடையை ரொட்டித் துண்டுகள் போலக் குறுக்கே சீவிக் காட்டும் அந்தப் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தி, காலியிடத்தின் ஓரத்தில், இம்ப்ளான்ட்டுக்குச் சற்று முன்னால், ஒரு கோடு இழுத்தார். எலும்பு முகட்டின் அகலம் 5 மி.மீ. என்று எண் வந்தது. முதல் மருத்துவமனை தந்திருந்த என் சிகிச்சை அட்டையில் எழுதியிருந்த இம்ப்ளான்ட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதாவது, இரண்டு பக்கமும் கால் மி.மீ. அளவுக்குத்தான் எலும்பு மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடுத்த படத்தில் இம்ப்ளான்ட் வந்தது. நாக்குப் பக்கம் வெள்ளைக் கோடாக எலும்பு ஒட்டியிருக்க, கன்னப் பக்கத்தில் மேலிருந்து நான்கைந்து மரைகள் எந்த எலும்பும் இல்லாமல் வெறும் ஈறுக்குள் நின்றன. நான் கண்ணாடியில் பார்த்த சாம்பல் நிழல் அந்த உலோகம்தான்.

கிராஃப்ட் என்பது பள்ளத்தை நிரப்பும் பூச்சு வேலை என்று நினைத்திருந்தேன். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைந்துகொள்ளும் என்பதைச் சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1950களில் கண்டறிந்து, 1965-இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தார். இந்தச் சிகிச்சை முழுவதும் அந்தப் பிணைப்பை நம்பித்தான் நிற்கிறது, பிணைவதற்கு உயிருள்ள எலும்பு சுற்றிலும் இருந்தாக வேண்டும். இல்லாத இடத்தில் வைக்கப்படும் கிராஃப்ட் துகள் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போன்றது. நம் எலும்பின் செல்களும் இரத்தக் குழாய்களும் அதைப் பற்றிக்கொண்டு ஏறி, புதிய எலும்பை மெல்ல மெல்லக் கட்டுகின்றன. நம் தாடையிலிருந்தே எடுத்த எலும்பானால் அதில் உயிருள்ள செல்களும் இருக்கும். தானமாகப் பெற்ற மனித எலும்பு, மாட்டு எலும்பிலிருந்து பதப்படுத்தியது, செயற்கையான கால்சியம் பாஸ்பேட் என்று மற்ற வகைகளும் உண்டு. ஈறின் திசு எலும்பைவிட வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பக்கவாட்டில் எலும்பைக் கூட்டும்போது துகளின்மேல் பெரும்பாலும் மெம்பரேன் என்னும் மெல்லிய தடுப்புச் சவ்வைப் போர்த்தி, இழுப்பில்லாமல் தைக்கிறார்கள். அது பிணைந்து கெட்டிப்பட நான்கு முதல் ஆறு மாதம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். மேல்தாடையின் கடைவாயில் சைனஸ் அறையின் தரையை உயர்த்தி வைக்கும்போது காத்திருப்பு இன்னும் நீளலாம். இதை அறிந்த ஒருவர், துளையிடும்போது எலும்பு மெலிந்திருப்பதைக் கண்டால், இம்ப்ளான்ட் வைக்காமல் கிராஃப்ட் மட்டும் செய்து மூடிவிட்டு, காத்திருக்கச் சொல்லியிருக்கலாம்.

ரசீதில் இருந்த அந்தப் 'பவுடர்' உண்மையில் வைக்கப்பட்டதா? மாட்டு எலும்புத் துகள் மிக மெதுவாகத்தான் கரையும், பல ஆண்டுகள் கழித்தும் ஸ்கேனில் தெரியும், இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை என்றார் இரண்டாவது மருத்துவர். சில செயற்கைத் துகள்கள் விரைவில் கரைந்துவிடும் என்பதால், வைக்கவே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஆகவே நானும் அந்தக் குற்றச்சாட்டை வைக்கவில்லை. ஆனால் கிராஃப்ட் பொருள் வரும் முத்திரையிட்ட குப்பியோடு, தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும்; அதில் ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பது வழக்கம். முதல் மருத்துவமனையில் அதைக் கேட்டேன். பழைய கோப்புகளில் தேட வேண்டும் என்றார்கள். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த உயிரின் எலும்பு என் உடம்புக்குள் வைக்கப்படுகிறது என்பதைச் சமயம் காரணமாகவோ உணவுக் கொள்கை காரணமாகவோ அறிந்து மறுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு. அதை நாற்காலியில் படுத்திருக்கும்போது கேட்பது சம்மதம் பெறுவது ஆகாது.

இதைப் படித்துவிட்டு, கிராஃப்ட் வேண்டும் என்று சொல்கிறவர்களெல்லாம் நல்லவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போதிய அகலம் இருக்கும் இடத்தில் அது வீண் செலவும் கூடுதல் காயமும்தான். குட்டையான இம்ப்ளான்ட்டையோ விட்டம் குறைந்ததையோ வைத்துச் சமாளிக்கக்கூடிய தாடைகளும் உண்டு, பக்கத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் கட்டும் வழியும் உண்டு. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் குறுக்குவெட்டுப் படத்தைத் திறக்கச் சொல்லி, எந்த இடத்தில் எத்தனை மி.மீ. என்று உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள். கையெழுத்திடும் படிவத்தில் கிராஃப்ட்டின் வகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய், எலும்புத் தேய்வுக்கு உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் கேட்காமலே நாள் குறிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் அவற்றில் எதையும் கேட்கவில்லை.

கழற்றிய புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அதன் பிறகு கிராஃப்ட் செய்து, மெம்பரேன் போர்த்தித் தைத்தார்கள். இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் கோடு இழுத்தபோது 7 மி.மீ.க்குச் சற்று மேல் காட்டியது. இந்த முறை வைத்த துகளின் ஸ்டிக்கர் என் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே இம்ப்ளான்ட்டின் ஸ்டிக்கருக்கு விட்ட கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.