கிழமைக்கு ஒரு குளிசையா, ஆண்டுக்கு ஒரு சேலைனா?

வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கும் அம்மா, 74 வயதில் குளியலறை வாசலில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகுதான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனைக்குப் போனோம். இடுப்பெலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்ட அடர்த்தி எண், -2.8 என வந்தது, -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்பு நுண்துளை நோய் என்று கொள்வார்கள். வைத்தியர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கிழமைக்கு ஒருமுறை 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் குளிசை. மற்றது, ஆண்டுக்கு ஒருமுறை நாளத்தினூடாகச் சேலைனாக ஏற்றும் 5 மில்லிகிராம் சொலெட்ரோனிக் அமிலம். இரண்டும் எலும்பை அரிக்கும் உயிரணுக்களை அடக்கும் ஒரே குடும்ப மருந்துகள். குளிசை மலிவானது, வீட்டிலேயே விழுங்கலாம் என்பதால் அதிலேயே தொடங்கினோம்.

எட்டு மாதங்களில் எங்களைத் தோற்கடித்தது மருந்தன்று, விடியற்காலைதான். குளிசையை வெறும் வயிற்றில் ஒரு குவளை வெறும் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல், எதையும் உண்ணாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். நன்றாக எடுத்தாலும் அதில் ஒரு வீதத்துக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. பாலிலுள்ள கல்சியம் அந்தச் சொற்பத்தையும் தடுத்துவிடும். கண் விழித்ததும் பால் தேநீர் குடித்தே ஐம்பது ஆண்டுகள் பழகிய அம்மா, "ஒரு மிடறுதானே தம்பி" என்று சொல்லிக் குடித்த ஞாயிறுகள் எத்தனை என்று எனக்கு இன்றும் தெரியாது. நெஞ்செரிவு வந்த கிழமைகளில் குளிசையை ஒளித்தும் வைத்தார். பெட்டி காலியாவதை வைத்து மருந்து உள்ளே போகிறது என்று நம்பியது என் பிழை.

அதனால் சேலைனுக்கு மாறினோம். அதில் அந்த ஐயத்துக்கே இடமில்லை: கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுகிறார்கள், ஓராண்டுக்கான கணக்கு முடிந்துவிடுகிறது. முதல் தடவை காய்ச்சலும் உடல் உளைவும் இரண்டு நாள் இருந்தன, பனடோலுடன் தணிந்தன. இரண்டாம் தடவை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு இது ஏற்றதன்று. ஒவ்வொரு தடவையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் கல்சியத்தையும் இரத்தத்தில் முன்கூட்டியே பார்க்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு மருந்தை நாங்கள் எடுக்கவில்லை. ஊசி பிந்தினால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைந்து முதுகெலும்புகள் முறியலாம் என்றதும், மறதிக்காரனான நான் பின்வாங்கினேன்.

இரண்டு சேலைன்களின் அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. மூன்றாவது தை மாதத்தில். கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருப்பதாலும், இம்மருந்தால் அரிதாகத் தாடையெலும்பு ஆறாமல் போவதுண்டு என்பதாலும், முதலில் பல் வைத்தியரிடம் போகிறோம்.