காலனிப் பூங்கா: புகார் கொடுத்தும் ஏன் வேலை நடப்பதில்லை

சென்னைப் புறநகரில், பெற்றோர் குடியிருக்கும் காலனியின் பூங்கா இந்த விடுமுறையில் இருந்த நிலை இது: ஊஞ்சல் ஒன்றைச் சுருட்டிக் கம்பத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள், நடைபாதைக் கற்கள் ஆடுகின்றன, கழிப்பறைக்குப் பூட்டு, பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. புல்லும் செடியும் மட்டும் பச்சைப்பசேல். "வரி மட்டும் கரெக்டா வாங்கிடறாங்க" என்று நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் பொருமுகிறார்கள். பொருமல் நியாயம்தான். ஆனால் புகார் எழுதும் விதத்தில் கோளாறு இருக்கிறது.

இங்கே பராமரிப்பு ஒப்பந்தம் தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, பெருக்குவது வரைதான். உடைந்ததைச் சரிசெய்ய உதவிப் பொறியாளர் தனி எஸ்டிமேட் போட வேண்டும். ஊஞ்சல் தொங்கும் இடத்தில் தேய்மானத்தைத் தாங்கும் வளையமான மேல் புஷ்ஷுக்குக் கிரீஸ் வைப்பது யார் வேலையும் இல்லை. அது தேய்ந்து, பிறகு சங்கிலியை மாட்டும் கொக்கியான ஷேக்கிளும் தேய்கிறது. விளக்கு மின்பிரிவு, கழிப்பறை இன்னொரு பிரிவு. "பூங்கா சரியில்லை" என்று ஒரே வரியில் புகார் போனால், பூங்காப் பிரிவு செடியைப் பார்த்துவிட்டு "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடும்.

ஆகவே பழுதுக்கு ஒரு புகார், ஒவ்வொன்றுக்கும் படம். விளக்கு என்றால் கம்பத்து எண்ணோடு, "டைமர் நேரம் தவறியிருக்கிறது" என்றும் எழுதுங்கள். பேட்டரி இல்லாத பழைய டைமர், கரண்ட் போகும்போதெல்லாம் அவ்வளவு நேரம் பின்தங்கும்; பகலில் எரிவது பெரும்பாலும் அதனால்தான். கற்களுக்கு, "ஓரக்கல் இல்லை" என்று சேர்க்க வேண்டும். 60 மி.மீ. கல்லுக்கு அடியில் 25 முதல் 50 மி.மீ. மணல் படுகை இருக்கும். ஓரம் கட்டாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் அந்த மணல் கரைந்து வெளியேறும். கல்லை மட்டும் திருப்பிப் பதித்தால் அடுத்த ஐப்பசிக்குள் மறுபடி ஆடும்.

நீங்கள் வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர் என்றால், புகாரை அந்த நாட்டு எண்ணில் பதிய வேண்டாம். இடம் கேட்டுப் பொறியாளர் அழைக்கும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். உள்ளூரில், போனை எடுக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.

மூடிய புகாரை முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குக் கொண்டுபோகலாம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்பந்த நகலையும் பணிப் பட்டியலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

புது லேஅவுட் என்றால், பூங்கா இடம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் வில்லங்கச் சான்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்திரம் பதிவாகாத இடத்தில் உள்ளாட்சி செலவு செய்யாது. அங்கே பிடிக்க வேண்டிய ஆள் பில்டர்.