நெபுலைசர் வாங்கினேன், கைகொடுத்தது மூக்குச் சொட்டு

கார்த்திகை மழைக்குள் மகனுக்குச் சளி பிடித்தது. ஏழு மாதம். இரண்டாம் நாள் நெஞ்சு கீச்சிடத் தொடங்க, நகரத்துப் பாமசி ஒன்றில் மருந்தைப் புகையாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் இயந்திரமான நெபுலைசரை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். "சேலைன் எண்ட உப்புத்தண்ணியை விட்டுப் பிடியுங்கோ தங்கச்சி, ரெண்டு நாளில சளி கரைஞ்சிடும்" என்றார் கடைக்காரர்.

இயந்திரத்தில் பெரிய குறை இல்லை. சுவிட்சைப் போட்டதும் வெண்புகை வரும், கிண்ணத்தைக் கழுவுவதும் சுலபம். சத்தம்தான் கிணற்றடி மோட்டார் மாதிரி. மகன் அதற்கே வீரிட்டு அழுதான். மாஸ்க்கை வைத்தால் முகத்தைத் திருப்புவான். புகை கன்னத்தோரம் போய் இமைமயிரில் துளித்துளியாக நிற்கும். அழுகிற பிள்ளைக்கு மருந்து நெஞ்சுக்குள் சரியாக இறங்காது என்று பிறகுதான் அறிந்தேன்.

நான்காம் நாள் மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒட்சிசன் வைத்தார்கள். "இது பிராங்கியோலைட்டிஸ், நெஞ்சில சின்ன மூச்சுக்குழாய்கள் வைரஸால வீங்கிற வருத்தம், அம்மா. மூண்டாம் நாளில இருந்து அஞ்சாம் நாள் மட்டும் கூடும், பிறகு தானா இறங்கும்" என்றார் டொக்டர்.

நான் விட்டது 0.9 சதவீதச் சாதாரண சேலைன். இந்த வருத்தத்துக்கு ஆராய்ச்சிகளில் பேசப்படுவது 3 சதவீத உப்புக்கரைசல். அதைக்கூட அவசரப் பிரிவில் கொடுக்க வேண்டாம், வார்டில் தங்கும் பிள்ளைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2015இல் அதுவும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. கடையில் இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த இரண்டு நாளும் வீணாகப் போனது.

உண்மையில் கைகொடுத்தது அதே சேலைன்தான், மூக்கு வழியாக. "சின்னப் பிள்ளை மூக்காலதானே மூச்சு விடும்" என்று தாதி செய்து காட்டினார்: பால் கொடுக்கமுன் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு, கொஞ்சம் பொறுத்து ரப்பர் உறிஞ்சியால் மெதுவாக ஓர் இழுப்பு. நூல் நூலாகச் சளி வந்தது. இரண்டு மிடறுக்கு ஒருதரம் முலையை விட்டு மூச்சு வாங்கியவன், அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் குடித்தான். நான் அழுதுவிட்டேன்.

பிள்ளை குடிக்கும் பால் பாதியாகக் குறைந்தால், 12 மணித்தியாலம் சலம் போகாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் பாமசிக்குப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. மற்றபடி சேலைன் சொட்டும் உறிஞ்சியும் வாங்கி வையுங்கள். நெபுலைசர் இப்போது அக்கா வீட்டில். அவளின் மகளுக்கு முட்டு (ஆஸ்துமா). டொக்டர் எழுதிய மருந்து அதில்தான் போகிறது.