லாரி உரிமையாளர் சங்கத்தில் ஒன்பது வருடம்: சந்தா கட்டியதில் எனக்குக் கிடைத்தது

சங்கத்தில் சேர்ந்தபோது என்னிடம் ஒரே ஒரு லாரி இருந்தது. இன்று மூன்று ஓடுகின்றன. புதிதாக வண்டி எடுக்கும் நண்பர்கள் எல்லாரும் "சங்கத்துல சேர்ந்தா என்ன லாபம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, நான் பார்த்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது டயருக்காகத்தான். மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பதால் டயர், ஆயில், பேட்டரி எல்லாமே வெளியே வாங்குவதைவிடக் குறைவாகக் கிடைக்கும். பர்மிட், இன்சூரன்ஸ், தகுதிச் சான்று முடியும் தேதிகளை அலுவலகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே போன் செய்து ஞாபகப்படுத்துவார்கள். நல்ல உதவிதான். ஆனால் இவ்வளவுதான் என்றால் மூன்றாவது வருடமே சந்தாவை நிறுத்தியிருப்பேன்.

என்னை இருக்க வைத்தது அந்த வருடம் நடந்த பிரேக் முகாம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மெக்கானிக் அடியில் படுத்து, பிரேக் சேம்பரிலிருந்து (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் டப்பா) வரும் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "ஏறி பிரேக்க மிதிங்க" என்றார். மிதித்தேன். பின் அச்சின் ஒரு பக்கம் அந்தக் கோடு இரண்டு அங்குலத்தைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அந்த அளவு சேம்பருக்கு அதுதான் எல்லை. "வண்டி நல்லாத்தானே நிக்குது?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூடானால் விரியும். விரிந்த டிரம்மைத் தொட, அதை உரசி நிறுத்தும் லைனர் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். ராடு ஏற்கெனவே கடைசிவரை வந்துவிட்டால் அதற்குமேல் போக இடம் ஏது? சமதளத்தில், காலி வண்டியில் இது தெரியவே தெரியாது. முழு லோடோடு மலை இறங்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் பிரேக்குக்குக் காற்று சேர்த்து வைக்கும் ஏர் டேங்கின் அடித் திருகைத் திறந்தார். ஆயில் கலந்த பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அந்த ஈரம்தான் வால்வுகளைக் கெடுக்கிறது. ராடு வரும் தூரத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையாக இருந்தால் கையால் திருகி அளவைச் சரிசெய்து அனுப்பக் கூடாது, பழுது உள்ளேயே இருக்கும், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதுவரை என் பட்டறையில் கையால்தான் திருகிக்கொண்டிருந்தார்கள். இப்போது மூன்று வண்டியிலும் தினமும் டேங்கில் தண்ணீர் வடிக்கிறோம். ஜோடி டயரில் உள் டயரின் காற்றைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு கேஜ் வைத்து அளக்கிறோம். உள்ளே காற்று இறங்கினால் வெளி டயர்தான் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். வெடிக்கும்போது இரண்டும் போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் தூக்கம். இதில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்னால் என் டிரைவர் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்குச் சாலையோரத் தடுப்பில் வண்டியை உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. கண் அசந்துவிட்டார் என்று தெரிந்ததும் கோபத்தில் வேலையை விட்டே நிறுத்துவதாக இருந்தேன். சங்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த டிரிப்பை மணிக்கணக்கில் ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். ஆறு மணிக்கு லோடு ஏற்றும் இடத்தின் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். வரிசை நகர நகர வண்டியை நகர்த்த வேண்டும், அதனால் படுக்க முடியவில்லை. லோடு ஏறி முடிந்தது இரவு ஒன்பதுக்கு. "காலையில இறக்கணும், கிளம்பு" என்று போனில் சொன்னது நான். தடுப்பில் உரசியபோது அவர் விழித்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

செயலாளர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1997இல் வெளியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போல மந்தமாகிவிடும். 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். குடித்துவிட்டு வண்டியைத் தொட்டால் அன்றே கணக்கு முடிப்பேன் என்று என் டிரைவர்களிடம் சொல்லி வைத்திருந்தவன் நான். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் என்னிடம்தான் ஓட்டுகிறார்.

சங்கம் அதோடு விடவில்லை. எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு சீட்டு நோட்டு கொடுத்தார்கள். வாசலுக்கு வந்த நேரம், உள்ளே போன நேரம், லோடு ஏற ஆரம்பித்த நேரம், வெளியே வந்த நேரம். மூன்று மாதம் சேர்த்த சீட்டுகளை எடுத்துக்கொண்டுபோய், அன்று லோடு ஏற்றிய அந்த நிறுவனத்தின் முன்னால் வைத்தார்கள். காத்திருப்புக்குக் கூலி கேட்டு நான் அதற்கு முன்பே ஒருமுறை தனியாகப் போயிருந்தேன். "முடியாதுன்னா சொல்லுங்க, வேற வண்டி நிக்குது" என்று பதில் வந்தது. நாங்கள் மொத்தமாகப் போனபோது வேறு வண்டி இல்லை. பேச்சு ஐந்தாறு மாதம் இழுத்தது. கடைசியில் நேரம் ஒதுக்கி டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குமேல் காத்திருந்தால் கூலி உண்டு. டிரைவர்கள் படுக்க ஒரு அறையும் கழிப்பறையும் கட்டினார்கள். விபத்தைத் தடுத்ததில் எந்த விழிப்புணர்வுப் பேரணியையும்விட அந்த அறைக்குத்தான் பங்கு அதிகம் என்று நம்புகிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979இலேயே சொன்ன கணக்கு ஒன்று உண்டு. தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குமேல் ஓட்டக் கூடாது, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். எங்கள் சங்கம் இதைத் தீர்மானமாகவே போட்டது. இதைத் தனி ஆளாகக் கடைப்பிடித்தால் லோடு பக்கத்து வண்டிக்குப் போய்விடும். எல்லாரும் கடைப்பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போதும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முன்பு மாதிரி இல்லை.

பள்ளிக்கூடத்தில் நடத்திய ஒரு நிகழ்ச்சியையும் மறக்க முடியாது. என் லாரியைத்தான் மைதானத்தில் நிறுத்தினார்கள். ஒரு சிறுமியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, அவள் வகுப்புப் பிள்ளைகளை மறுபக்கக் கதவுக்குக் கீழே நெருக்கமாக நிற்க வைத்தோம். கண்ணாடியைப் பார்த்தாள், எட்டி எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் எங்க போனாங்க?" என்று கேட்டாள். சைக்கிளில் லாரியை ஒட்டி வந்தால் என்ன ஆகும் என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. அதிக லோடு ஏற்ற மாட்டோம் என்று போட்ட தீர்மானம் இரண்டே மாதத்தில் உடைந்தது. ஒரு அச்சில் பாரம் இரட்டிப்பானால் சாலைக்கு ஆகும் சேதம் சுமார் பதினாறு மடங்கு. பிரேக்குக்கும் டயருக்கும் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏற்றுகிறார்கள். கமிட்டியில் நிறைய வண்டி வைத்திருப்பவர்களின் குரல்தான் எடுபடுகிறது. ஒருமுறை நள்ளிரவில் உதவி எண்ணுக்கு நாலு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. இறங்கிப்போய் நானே கிரேன் தேட வேண்டியிருந்தது. பாதுகாப்பு வகுப்புகளை டிரைவர்கள் வீட்டில் இருக்கும் ஒரே நாளில் வைக்கிறார்கள். களைப்பைப் பற்றி வகுப்பு எடுக்க அவர்களின் ஓய்வு நாளையே எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சேர நினைப்பவர்கள் டயர் தள்ளுபடியை அப்புறம் விசாரியுங்கள். முதலில் பிரேக் முகாம் வருடத்துக்கு எத்தனை நடக்கிறது, காத்திருப்பு நேரத்தைப் பற்றி சரக்கு நிறுவனங்களோடு சங்கம் பேசியிருக்கிறதா என்று கேளுங்கள். நான் இந்த வருடமும் சந்தா கட்டிவிட்டேன். கமிட்டியில் டிரைவர்களுக்கு இரண்டு இடம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதல் கையெழுத்து தடுப்பில் உரசிய அந்த டிரைவருடையது.